காணாமல் போன கறுப்பு!

"அய்யோ... சுவர்ல படத்தைக் காணோம்!"

வீட்டுக்காரம்மா போட்ட அலறல், அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டரை அங்கே கொண்டு வந்து நிறுத்தியது.

மூன்று நாளாகத் தூக்கமில்லை அவருக்கு. சோபாவைப் பார்த்ததும் கண் செருகியது. ஆனால் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்!

ஹாலில் கண்ணாடிச் சட்டம் மட்டும் தொங்கியது. உள்ளே அட்டை பார்டர். நடுவில்... வெறும் பலகை.

"என்ன படம்மா?"

"ஐரோப்பாக்காரர் ஒருத்தர் போட்டது சார். கல்லுல வரைஞ்சு, காகிதத்துல ஒத்தி எடுத்த அச்சு. வெறும் கறுப்பு மை. எங்க வீட்டுக்காரர் ஆசையா வாங்கினது... அவர் போயே ஆறு வருஷம் ஆச்சு."

"படத்துல என்ன இருக்கும்?"

"நாலஞ்சு இழுப்பு."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். நாலஞ்சு இழுப்பு! இதைப் புகாரில் எப்படி எழுதித் தொலைப்பது?

வீட்டுக்காரம்மாவின் மருமகன் குறுக்கே வந்தார்.

"எதுக்கு சார் வளவளன்னு? மத்தியானம் வீட்ல இருந்தது இந்தம்மா மட்டும்தான். கூட்டிட்டுப் போய் விசாரிச்சா தானா வரும்!"

'இந்தம்மா'... பதினோரு வருஷமாக அந்த வீட்டைப் பெருக்கித் துடைப்பவள். துடைப்பத்தை விடாமல் பிடித்தபடி முன்னால் வந்தாள்.

"சத்தியமா நான் எடுக்கலை சார்! என்னை உள்ளே போட்டுட்டா, வீட்ல படுத்த படுக்கையா கிடக்கிற என் புருஷனுக்கு யார் சார் மாத்திரை குடுப்பா?"

"போட்டோ ஏதாவது இருக்கா?"

மருமகன் செல்போனை நீட்டினார். "சுவர்ல இருந்தப்போ நானே எடுத்தது."

அவள் எட்டிப் பார்த்தாள்.

"சார்... இது தலைகீழா இருக்கே!"

மருமகன் சிரித்தார். "இதுல தலை எது, கால் எது?"

"இல்லீங்க... அந்தத் தடிச்ச பட்டை கீழேதான் இருக்கும். நாலு வருஷம் முன்னாடி ஒட்டடை அடிக்கையில கம்பி அறுந்து விழுந்துடுச்சு. புதுக் கம்பி கட்டினேன்... அடிப் பக்கத்துல கட்டிட்டேன், படம் தலைகீழாயிடுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது. சொன்னா வேலை போயிடுமேன்னு..."

வீட்டுக்காரம்மா வெறும் சட்டத்தை நிமிர்ந்து பார்த்தார்.

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கம் கலைந்தது!

போட்டோவைப் பெரிதாக்கினார். அடி ஓரத்தில் ஓவியரின் பென்சில் கையெழுத்து. சட்டத்தைக் கழற்றிப் பார்த்தார். அட்டை பார்டர் நாலு விரல் அகலம். மருமகன் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார்... சுவர்ல இருந்தா இந்த ஓரமெல்லாம் அட்டைக்குள்ள மறைஞ்சிருக்குமே. கையெழுத்து எப்படி விழுந்துச்சு?"

மருமகனின் சிரிப்பு நின்றது.

"நானே சொல்றேன். படத்தை வெளியே எடுத்தீங்க. கையெழுத்தைப் பார்த்து நேரா வச்சீங்க. வாங்கப் போறவனுக்கு அனுப்ப போட்டோ பிடிச்சீங்க. எனக்கு உடம்பு அசதியா இருக்கு... ஓட விடாதீங்க. படம் எங்கே?"

"...கார் டிக்கியில."

"மாப்பிள்ளை!" வீட்டுக்காரம்மா சோபாவில் சரிந்தார். பிறகு வேலைக்காரியின் பக்கம் மெல்லத் திரும்பினார். "அடிப்பாவி... நாலு வருஷமா வர்றவங்ககிட்ட எல்லாம், 'இது பாதாளத்துல விழற மனுஷனோட துக்கம்'னு கண் கலங்கி விளக்கம் சொல்லிட்டிருந்தேனே!"

துடைப்பத்தைக் கீழே வைத்தாள் அவள். "இனிமே மேலே ஏறுறான்னு சொல்லுங்கம்மா. அப்பவும் தலையாட்டத்தான் போறாங்க!"