இடது அக்குளில் ஒரு வெளிச்சம்

காலை 10.20. ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்தது. அண்ணியின் இடது அக்குளில் நான்கு நிணநீர் முடிச்சுகள் பளிச்சென்று ஒளிர்ந்தன. இரண்டு வருடங்களுக்கு முன் கழுத்தில் வந்து, மருந்தில் அடங்கிய புற்றுநோய் திரும்பிவிட்டதோ என்று சந்தேகம். அறிக்கையைப் பார்த்த சிகிச்சை டாக்டர், திங்கட்கிழமை அக்குளைக் கீறி ஒரு முடிச்சை எடுத்துப் பார்க்க ஏற்பாடு செய்தார்.

அண்ணன் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இன்ஸ்பெக்டரான தங்கைக்கும் இருப்புக்கொள்ளவில்லை. திருட்டு வழக்கென்றால் யாரையாவது பிடித்து உலுக்கலாம். இங்கே யாரை உலுக்குவது?

11.35. அண்ணியை அழைத்துக்கொண்டு ஸ்கேன் டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள்.

"டாக்டர், படத்தை ஒருதடவை காட்டுங்க."

டாக்டர் திரையைத் திருப்பினார்.

"இடது தோள்ல மங்கலா ஒண்ணு தெரியுதே?"

"தசைதான். பாரம் தூக்கியிருப்பாங்க."

"ஸ்கேன் மருந்தை எந்தக் கையில ஏத்தினீங்க?"

"வலது கையில."

அண்ணி கைப்பையை இடது தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தாள்.

"வலிக்குதா அண்ணி?"

"கொஞ்ச நாளா லேசா நோகுது."

"பாரம் ஏதாவது தூக்கினீங்களா?"

"நான் சமையலுக்கு மேற்பார்வைதானே? கரண்டிகூடத் தூக்கறதில்ல."

"போன வாரம் வேலையில என்ன விசேஷம்?"

"முதியோர் இல்லத்துல என்ன விசேஷம்? ஃப்ளூ வருதுன்னு எங்க எல்லாருக்கும் தடுப்பூசி போட்டாங்க."

"எந்தக் கை?"

"இடது."

"ஸ்கேனுக்கு எத்தனை நாள் முன்னாடி?"

"அஞ்சு நாள்."

டாக்டர் சட்டென்று படிவத்தை எடுத்தார். "தடுப்பூசி போட்டீங்களான்னு இதுல கேட்டிருக்கோம். 'இல்லை'ன்னு இருக்கே?"

"நான் எதையும் நிரப்பலையே. உடை மாத்தப் போயிருந்தேன்."

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தாள். "அண்ணா, உள்ள வா. இது உன் கையெழுத்துதானே?"

அண்ணன் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டேன். ஒரு 'ஆமா' விழுந்தாலும் ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு பயம். ஊசி போட்டது எனக்குத் தெரியாது."

"குற்றவாளி ஊசி, டாக்டர். உடந்தை எங்க அண்ணன்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ஊசி போட்ட பக்கத்து முடிச்சுகள் விழிச்சுக்கிட்டு வேலை செய்யும். அப்போ ஸ்கேன் மருந்தை நிறைய இழுத்துக்கும். புற்றுநோயும் அப்படித்தான் இழுக்கும். படத்துல ரெண்டும் ஒண்ணு மாதிரி. தோள்ல தெரியறது ஊசி இறங்கின இடம். ஆனா இதை வெச்சு நோய் இல்லைன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

அன்றே அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். முடிச்சுகளின் வடிவம் கெடவில்லை. சிகிச்சை டாக்டரும் கலந்து பேசியபின் திங்கட்கிழமைக் கத்தி தள்ளிப்போனது. எட்டு வாரம் கழித்து மறு ஸ்கேன்.

அந்த எட்டு வாரமும் வீட்டில் யாரும் ஒரு வேலையை முழுதாக முடிக்கவில்லை. அண்ணி தினமும் குளியலறையில் அக்குளைத் தடவிப் பார்த்தாள். அண்ணன் தினமும் கதவுக்கு வெளியே நின்றார்.

மறு ஸ்கேனில் ஒளி இல்லை. அக்குள் சுத்தமாக இருந்தது.

கேட்டதும் அண்ணன் மருத்துவமனைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணி அவர் சட்டைப்பையில் கைவிட்டுக் கார் சாவியை எடுத்தாள்.

"எழுந்திருங்க. இன்னிக்கு நான் ஓட்டறேன்."