மூச்சு வரும் பக்கம்

தொண்ணூற்றெட்டில், ஒரு மழைக்கால மத்தியானம், கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிரிட்டோவின் வீட்டுக்குப் போனேன். அவன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாதிச் சாமான்கள் சாக்குகளில் கட்டிக் கிடந்தன. அவன் அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார். வீட்டைக் காலி செய்துவிட்டுத் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். அம்மாதான் அசையவில்லை.

"சாய்தா, அம்மா சரியாவே சாப்பிடறதில்ல," என்றாள், வங்காளிகள் மாதிரி என்னை 'தா' போட்டு அண்ணனாக்கிக் கூப்பிடும் அவன் தங்கை மஹிமா, வாசலிலேயே. "அந்தப் பெடல்ல அண்ணன் மூச்சு விடுறான்னு அங்கயே உக்காந்திருக்காங்க. என்ன ஃபால்ட்டுன்னு காட்டிடுங்க. அப்பதான் எங்ககூட வருவாங்க."

எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. லூஸ் கனெக்‌ஷனில் உண்டு. ஜாதவ்பூரில் படித்தபோது நானும் பிரிட்டோவும் கட்டிய கிதார் பெடல்களில் பாதி, கிதாரை விட்டுவிட்டு ரேடியோவைப் பிடித்து வங்காளச் செய்தி வாசித்தன. இது எக்கோ பெடல், கிதாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி. வாசித்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது. கட்டி முடிப்பதற்குள் ஆஸ்துமா அவனைக் கொண்டு போய்விட்டது.

அவன் அறையில் ஈரச் சுவரின் வாடை. அதோடு, அப்போதுதான் ஈயம் உருக்கிய வாடையும். சால்டரிங் அயர்னை யாரும் தொடவே இல்லை என்றாள் மஹிமா. ஆன்ட்டி, அவன் அம்மா, ஆம்ப்ளிஃபயரை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார்.

ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல். அதற்கடியில் ஓர் இழுப்பு, கடைசியில் விசிலடித்து முடிகிற மூச்சு. ரிகர்சலில் எத்தனையோ முறை கேட்டது.

"ரேடியோதான் ஆன்ட்டி," என்றேன். என் குரலில் எனக்கே நம்பிக்கை இல்லை.

கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆம்ப்பிலிருந்து ஓர் ஒயரை எடுத்து, பெடலுக்குள் ஒவ்வோர் இடமாகத் தொட வேண்டும். தொட்ட இடத்தில் என்ன ஓடுகிறதோ அது ஸ்பீக்கரில் கேட்கும். சத்தம் பிறக்கிற இடத்தை நெருங்க நெருங்கத் தெளிவாகும். பெடலைத் திறந்து, கடைசி முனையில் ஆரம்பித்தேன்.

அங்கே மூச்சு.

நடுவிலிருந்த ஐ.சி.யில் மூச்சு, இன்னும் தெளிவாக.

கிதார் செருகும் ஜாக்கில், இன்னும் கிட்டத்தில்.

அதில் கிதாரே செருகியிருக்கவில்லை.

பேட்டரியைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. ஒயரைப் பெடலிலிருந்து எடுத்து வெறுங்காற்றில் பிடித்தேன். அப்போதும் நிற்கவில்லை.

"எங்கிட்ட கொண்டு வாப்பா," என்று கிசுகிசுத்தார் ஆன்ட்டி. அந்த முகத்திலிருந்த ஆசையைப் பார்க்க முடியவில்லை. ஒயரை அவர் பக்கம் நீட்டினேன்.

சத்தம் தேய்ந்தது.

அவர் உள்ளங்கையில் வைத்தேன். வெறும் இரைச்சல். பாவம், முகம் சுருங்கிப் போயிற்று. சங்கடத்தோடு ஒயரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மூச்சு அறையை நிறைத்தது.

மஹிமா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஒயரைக் கீழே போட்டேன். ஆன்ட்டி என்னை, சரியாகச் சொன்னால் என் தோளுக்குப் பின்னால், வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து சேலையை உதறிச் செருகிக்கொண்டார்.

"உங்கூடத்தான் இருக்கானா? சரி. அப்ப நான் ஊருக்குப் போறேன். மஹி, சோறு போடு."

மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பெடல் எதுவும் கட்டவில்லை. ஆம்ப்பையும் விற்றுவிட்டேன். காளிகாட்டில் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூத்துக்குடியிலிருந்து ஆன்ட்டி போன் செய்வார். நலம் விசாரிப்பு சுருக்கமாக முடிந்துவிடும். பிறகு, "கொஞ்சம் பேசாம இருப்பா" என்பார்.

போன வாரம் சோதித்துப் பார்த்தேன். ரிசீவரைப் பிடித்தபடி மூச்சை அடக்கினேன். நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தும் விடவில்லை.

"ம்," என்றார் ஆன்ட்டி, திருப்தியாக. "இன்னிக்கு இழுப்பு கொஞ்சம் கம்மியா இருக்கு."