ஐந்து பெண்களுக்கு ஒரே பெயர்

1937, பங்குனி மாதம், புதன்கிழமை. காலை மணி பத்தே முக்கால்.

கொடிக்காலுக்குப் போன நல்லகாமன் வெற்றிலை கட்டும் நாரை வீட்டிலேயே விட்டுவிட்டான். அதை எடுக்கத் திரும்பி வந்தவன் கூரையில் தொங்கிய தொட்டிலைப் பார்த்தான். துணி காற்றில் லேசாக ஆடியது. உள்ளே இருபத்தொன்பது நாள் பெண் குழந்தை இல்லை. குழந்தையின் வெள்ளி அரைஞாணும் இரண்டு காப்புகளும் கிடந்தன. அவற்றின்மேல் ஒரு கைப்பிடித் தவிடு சிந்தியிருந்தது.

கொல்லையிலிருந்து வந்த அவன் மனைவி அன்னக்கொடி, அவனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"பிள்ளை எங்கடி?"

அவள் வாயைத் திறந்தாள். பதில் வரும்வரை நிற்க அந்த முரட்டு மனுஷனுக்குப் பொறுமை ஏது? சோழவந்தான் போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்து இரண்டு மைல் ஓடினான். போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டே போனதில் ஊர் திரண்டுவிட்டது.

பகல் மணி பன்னிரண்டே கால்.

ஏட்டு வீரணன் சைக்கிளை விட்டு இறங்கினார். நிதானமான ஆள். பாதையில் பத்துப் பதினைந்து பேர் கம்போடு நின்றார்கள். மூட்டை சுமந்து வந்த துணி வியாபாரி ஒருவனைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று அதற்குள் அறைந்துவிட்டார்கள். வெயிலோ தலையைப் பிளந்தது. தாய்ப்பால் இல்லாமல் பச்சைக் குழந்தை எத்தனை நேரம் தாங்கும்?

"கடைசியா எப்பம்மா பாத்த?" என்று அன்னக்கொடியைக் கேட்டார்.

"பத்து மணிக்குப் பால் குடுத்துத் தொட்டில்ல போட்டேன். பெறகு கொல்லைக்குப் போனேன்."

"யாரு மேல சந்தேகம்?"

யாருமில்லை என்று தலையை ஆட்டினாள். "ஏட்டையா, உச்சி தாண்டிருச்சா?"

"தாண்டிருச்சு."

அவள் தெருவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "மணி என்னய்யா ஆச்சு?" என்றாள். பால் கட்டி வலிக்கும் போல, பாவம் என்று பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் கண்ணைத் துடைத்தாள்.

நல்லகாமன் பல்லைக் கடித்தான். "எங்க அக்கா மாயக்காதான்யா தூக்கியிருக்கணும். நாளைக்கிப் பேரு வைக்கணும். எங்க ஆத்தா பேரு முருகம்மான்னு வைக்கச் சொன்னா. நான் ஜெயக்கொடின்னு வைக்கப்போறேன்னேன். ஆத்தா பேரை வைக்கலன்னா பிள்ளை வீடு தங்காதுன்னு போன வாரம் சொல்லிட்டுப் போனா."

மாயக்காளைக் கூட்டி வந்தார்கள்.

"சொன்னீகளா?"

"சொன்னேன். கோவத்துல சொன்னேன். அதுக்காகப் பிள்ளையத் தூக்குவேனா ஏட்டையா? இவனோட முதப் பிள்ளை பன்னெண்டாம் நாள் போச்சு. அடுத்தது நாப்பதாம் நாள் போச்சு. ரெண்டையும் குழிக்குள்ள இறங்கிக் கிடத்துனவ நான்."

அன்னக்கொடி தலை நிமிரவில்லை.

வீரணன் தவிட்டை உள்ளங்கையில் எடுத்தார். "மாடு இருக்கா?"

"இல்ல."

"ஆடு, கோழி?"

"ஒண்ணும் இல்ல."

மணி ஒன்றே முக்கால்.

இறந்துபோன இரண்டு குழந்தைகளின் விவரம் பார்க்க ஏட்டு கிராம முன்சீப் சோணைமுத்துவின் வீட்டுக்குப் போனார். ஜனன மரணப் பதிவேட்டைப் புரட்டியவரின் விரல் ஒரு பெயரில் நின்றது. தவுட்டம்மாள். அடுத்த வருஷத்தில் இன்னொரு தவுட்டம்மாள். ஆறு வருஷத்தில் ஐந்து பேர். அதற்கு முன்னால் எத்தனை பக்கம் புரட்டியும் அந்தப் பெயரே இல்லை.

"என்னங்க இது, ஒரே பேரா இருக்கு?"

"எல்லாம் வண்டிக்கார முத்திருளன் வீட்டுல ஆரம்பிச்சது. நாலு பிள்ளைய வாரிக் குடுத்துட்டான். அஞ்சாவதை சோழவந்தான் வெத்தலை யாவாரி பக்கீர் முகமது சம்சாரம் மரியம் பீவிக்குத் தவிட்டுக்கு வித்தான். அந்தம்மாவுக்கு ஏழு பிள்ளை, ஒண்ணுகூடக் குறையல. காலையில தவிடு குடுத்து வாங்கிட்டுப் போவாக. உச்சி தாண்டுனதும் கொண்டாந்து, எம்பிள்ளைய வளத்துக் குடுங்கன்னு விடுவாக. பேரும் அவுகதான் வைக்கணும், தவுட்டுக்கு வாங்கினதால தவுட்டம்மா. முத்திருளன் மக பொழச்சுக்கிட்டா. அதப் பாத்துட்டு, பிள்ளை தங்காத வீடெல்லாம் அந்தம்மாகிட்டயே வரிசையா வித்தாக."

"அஞ்சும் உசுரோட இருக்கா?"

"தெருவுல ஓடுதுக பாருங்க."

"நல்லகாமன் ஏன் விக்கல?"

"அவன் மதுரை மில்லுல இருந்துட்டு வந்தவன். மூடப் பழக்கம்பான். வித்தா பொண்டாட்டிய அத்து விட்டு அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பிருவேன்னு சாவடியில அம்புட்டுப் பேரு முன்னால சொன்னான்."

மணி இரண்டரை.

வீரணன் நல்லகாமன் வீட்டுக்குள் வந்து, புருஷன் பெண்டாட்டியையும் மாயக்காளையும் மட்டும் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். வெளியே கம்பு வைத்திருந்தவர்களுக்குக் கேட்கக் கூடாது.

"நல்லகாமா, திருட வந்தவன் வெள்ளிய விட்டுட்டுப் போவானா? மாடில்லாத வீட்டுல தவிடு எப்படி வந்துச்சு? இது திருட்டில்ல. தவிடுதான் விலை. விக்கிற பிள்ளை வெறும் உடம்போட போகணும்னு நகையக் கழட்டி வச்சிருக்கு. வாங்கினது மரியம் பீவி."

"வித்தது மாயக்காதான?"

"உன் பொண்டாட்டி."

நல்லகாமன் திரும்பிப் பார்த்தான்.

"பிள்ளையப் பறிகுடுத்தவ யாரு எடுத்தாங்கன்னு கேப்பா, எங்க இருக்குன்னு கேப்பா. இந்தப் பொண்ணு எங்கிட்ட மணிய மட்டுந்தான் கேட்டுச்சு. நாமெல்லாம் பால் கட்டிருச்சுன்னு நெனச்சோம். உச்சி தாண்டியும் ஆள் வரலியேன்னு அது உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருந்துச்சு."

அன்னக்கொடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டைக் குழியில குடுத்தாச்சு. மூணாவதையும் குடுக்க எனக்குத் தெம்பில்ல. நீ என்னை அத்து விடு. அது உசுரோட இருந்தாப் போதும்." பிறகு மாயக்காளைப் பார்த்தாள். "மதினி, உங்க மேல பழி போட்டாக, நான் வாயத் தொறக்கல. பயந்துட்டேன்."

மாயக்காள் அவளைக் கைபிடித்துத் தூக்கினாள். "எந்திரி. மொதல்ல பிள்ளையப் பாப்போம்."

மணி மூன்றே கால். சோழவந்தான்.

பக்கீர் முகமது வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஏட்டு இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் மரியம் பீவி திறந்தார். அவர் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கம்போடு யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று தெருவை எட்டிப் பார்த்தார்.

"உச்சிக்கு வந்து சேரணும்னு முன்னாலயே கிளம்பிட்டேங்க. பாதையில துணிக்காரரை அடிச்சாங்க. இந்தப் பிள்ளையோட என்னைப் பாத்தா என்ன செய்வாங்களோன்னு திரும்பிட்டேன். என் மருமகதான் பால் குடுத்தா."

நல்லகாமன் இரண்டு கைகளையும் நீட்டினான். அவர் கொடுக்கவில்லை.

"தம்பி, இது விலை குடுத்து வாங்கின எம்பிள்ளை. மத்த வீட்டுலயெல்லாம் தகப்பன் வாயால கேட்டு வாங்கினாங்க. நீங்க கேக்காம எடுத்துட்டுப் போனா, அங்க நிக்கிற உங்க சம்சாரம் மனசு ஆறாது. ராத்திரியெல்லாம் பிள்ளை மூச்சைத் தொட்டுப் பாத்துக்கிட்டே கெடப்பா."

அவன் திரும்பினான். அன்னக்கொடி படியேறத் துணியாமல் தெருவிலேயே நின்றாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. மரியம் பீவியின் தோளில் ஏறி இறங்கும் அந்தச் சின்ன முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லகாமன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான்.

"உங்க பிள்ளையக் குடுங்கம்மா," என்றான். "நாங்க வளத்துத் தாரோம். பேரையும் நீங்களே சொல்லுங்க."