நோயில்லாத குடுவை

நோயில்லாத குடுவையின் துளியில் புள்ளிகள் இருக்கக் கூடாது. இருந்தன.

ஆய்வாளரான அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் மறுபடி குனிந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான், ஆனால் ஜன்னலில்லாத அந்த இருட்டறைக்குப் பகல் என்று ஒன்று கிடையாது. புளித்த மாவின் வாடை மூக்கை விட்டுப் போகாமல் நிற்க, சுவருக்கு அப்பால் குடுவைகளைக் குலுக்கும் இயந்திரம் சளக் சளக்கென்று யாரோ வாய் கொப்பளிப்பதுபோல ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. விட்டுவர ஆளில்லாததால் கூட்டிவந்த மகள் நடைவழியில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அப்பாவைக் கொண்டுபோன நோய் இப்போது அண்ணனைப் பிடித்திருந்தது. மூளையில் ஒரு புரதம் ஒழுங்காக மடங்காமல் கட்டி தட்டும். கை நடுங்கும், பேச்சு குழறும். அண்ணனின் மரபணுவை, ரொட்டிமாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட்டுக்குள் வைத்து வளர்த்தாள். நுண்ணோக்கியின் விளக்கு பட்டால் அந்தப் புரதம் பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தாள். கட்டி தட்டினால் பச்சைப் புள்ளி. இல்லையென்றால் வெறும் பச்சை மூட்டம்.

"என்னை ரொட்டிமாவுல போட்டுப் பிசைஞ்சிட்டியா, தங்கச்சி?" என்று படுக்கையிலிருந்து குழறிச் சிரித்திருந்தான் அண்ணன்.

ஈஸ்ட்டுக்கே இன்னும் குணமாகவில்லை. நாளை வரும் பெரியமனிதர்களுக்காக ஆய்வக இயக்குநர் 'நோயை வென்றோம்' என்று பதாகை அடித்துவிட்டார். அதில் ஈஸ்ட் இருந்த இடம் தெரியவில்லை. அவர் முகம் ஆளுயரம்.

ஒப்பிட, நோயில்லாதவரின் மரபணு வேண்டும். அந்த ஆய்வகத்தில் அதற்காக யாரும் வெளியே அலைவதில்லை. அவரவர் விரலைக் குத்திக்கொள்வார்கள். அவளும் குத்திக்கொண்டாள். தனக்கும் அந்த நோய் உண்டா என்ற பரிசோதனைக்குப் பயந்து வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டவள், 'நோயில்லை' என்று சீட்டு எழுதி ஒட்டும்போது மட்டும் பயப்படவில்லை.

சீட்டு மாறியிருக்கும். அதே சீட்டு ஒட்டிய வேறு குடுவை. வேறு துளி.

புள்ளிகள்.

இன்னொன்று.

புள்ளிகள்.

கதவு திறந்தது. "இன்னும் எவ்வளவு நேரம்மா? போரடிக்குது."

"இதோ கண்ணு, ஆச்சு."

மகள் கதவைச் சாத்திவிட்டு மடியில் ஏறி, கேட்காமலே நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். அங்கே ஒரு தாய்ச்செல்லின் தோளில் சேய்ச்செல் மொட்டு விட்டிருந்தது. ஈஸ்ட்டில் தாய் கட்டிகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, குழந்தையைச் சுத்தமாகப் பிரித்து அனுப்பும். பலமுறை பார்த்த சங்கதி. இப்போது அதையே வேண்டிக்கொண்டாள்.

"புள்ளி நகருதும்மா."

"எங்கடா?"

"குட்டிக்குள்ள."

அவள் கை தடவி நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தது. முழு இருட்டு. சளக் சத்தமும் நின்றிருந்தது.

"ஏம்மா அணைச்சே?"

மகள் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

மகளின் கருமணிக்குள் பச்சைப் புள்ளி அணையவில்லை.