பு என்றால் புண்

சின்ன காஞ்சிபுரத்தில், ஜரிகைக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது தேவேந்திரனின் தட்டச்சு மையம். நோயாளிகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் மருத்துவக் குறிப்புகளைத் தமிழில் அடித்துக் கொடுப்பது அங்கே வேலை. லில்லி சேர்ந்த அன்று வெளியே நல்ல வெயில். உள்ளே ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன. ஊதுவத்தி மணத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாடை, இனிப்பாக, மூக்கில் ஒட்டியது.

“முழுசா அடிக்க வேணாம்மா,” என்றார் தேவேந்திரன். “முன்னாடி இருந்த தேவகி மேக்ரோ எழுதி வச்சிருக்குது. ‘பு’ன்னு அடிச்சி ஸ்பேஸ் தட்டு. வாக்கியம் தானா வுழும்.”

தட்டினாள். பு மறைந்து, ‘புண்ணைத் தினமும் சுத்தம் செய்யவும்’ என்று வந்து நின்றது. லில்லிக்குப் பிடித்துப்போனது. மதியம்வரை விரல்கள் ஓடின. விசைகள்தான் கொஞ்சம் பிசுபிசுத்தன.

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி ‘பு’ அடித்தாள்.

‘புண்ணில் ஈ மொய்க்கிறது.’

அழித்துவிட்டு இன்னொரு முறை.

‘புழு கண்ணுக்குள் போய்விட்டது.’

மேக்ரோ கோப்பைத் திறந்தாள். இடப்பக்கம் சுருக்கம், நடுவில் சமக்குறி, வலப்பக்கம் முழு வாக்கியம். பு-வுக்கு நேரே பழைய வாக்கியம்தான் இருந்தது. அந்த வரியையே நீக்கினாள். இனி பு வெறும் பு-வாகத்தான் நிற்க வேண்டும்.

அடித்தாள்.

‘என் கன்னம் இதில் ஒட்டியிருக்கிறது.’

வெடுக்கென்று கையை எடுத்தாள். விரல் நுனிக்கும் விசைக்கும் நடுவே கோழைபோல ஏதோ இழுபட்டு அறுந்தது. விரலைக் கைக்குட்டையில் துடைத்தாள்.

“சார், தேவகி ஏன் நின்னுட்டாங்க?”

“நிக்கல. செத்துப்போச்சி.” போனிலிருந்து அவர் தலை நிமிரவில்லை. “ஏனாத்தூர்ல ரூம் எடுத்து, தனியா இருந்துக்கினு வேலை செஞ்சிது. கதவை ஒடைச்சப்போ கம்ப்யூட்டர் மேலயே கவுந்து கெடந்துது. ஒரு வாரம் ஆயிருந்துது.”

“நீங்க போய்ப் பாக்கலையா?”

“போன் பண்ணேன், எடுக்கல. வேலையா இருக்குதுன்னு வுட்டுட்டேன்.”

“இந்தக் கீபோர்டு?”

“அங்க இருந்ததுதான். நம்ம சாமான், வுட்டுட்டு வர முடியுமா? பினாயில் போட்டுத் தொடச்சிட்டேன்மா.”

குமட்டியது பிணத்தை நினைத்தா, இந்த ஆளை நினைத்தா என்று அவளுக்கே தெரியவில்லை. வாந்தி எடுத்தாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பையை எடுக்க வந்தபோது, யாரும் தொடாத விசைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து எழும்பிக்கொண்டிருந்தன.

“அது அப்படித்தான்,” என்றார் தேவேந்திரன். “கண்டுக்காத.”

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பேருந்தில் உட்கார்ந்ததும், நைட் ஷிப்ட் முடித்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கணவன் இளங்கோவனுக்குத் தன் போனில் செய்தி அடித்தாள்: ‘வேலை வேணாம். வீட்டுக்கு வர்றேன்.’

அனுப்பிய பிறகுதான் பார்த்தாள், போயிருந்தது வேறு.

‘வந்துட்டேன். கதவைத் தெற.’

அதை அழிக்கப் போனாள். அதற்குள் அவன் பதில் வந்துவிட்டது.

‘தட்டுறது கேக்குது. இரு, தெறக்குறேன்.’