மூலையில் இருந்த பெயர்

“உங்க கோப்பத் திறக்கட்டுமா?”

“திற. அதுக்கு முன்னால உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“அப்புறம் கேளுங்க. இப்பத்தான் இணைப்பு நல்லா இருக்கு.”

நன்மாறன் நிலவுக் குடியிருப்புக்கு வேலைக்குப் போன முதல் ஞாயிறு நடந்த பேச்சு அது. மூன்று ஆண்டுகள் ஆகியும் திருப்பூரில் இருந்த அவன் மனைவி கோதைக்கு அது மறக்கவில்லை. அவன் கேட்க வந்தது என்னவென்று மட்டும் அவள் விசாரிக்கவே இல்லை.

அக்காலத்தில் எல்லோருக்கும் காதின் பின்னால் ஒரு குணச்சில்லு இருந்தது. அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடியது. ஒருவரின் சுபாவம் முழுவதும் அதற்குள் வரிவரியாக ஒரே கோப்பில் இருக்கும். கல்யாணமான மறுநாள் தம்பதியர் தங்கள் கடவுச்சொல்லை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். கறுப்புத் திரையில் கட்டளை தட்டப் பயந்தவர்களுக்கு, கோப்பைத் திறந்து திருத்தச் சாளரத் திருத்தி என்ற மென்பொருள் உண்டு. நிலவில் உள்ள கோப்பும் மேசைக் கணினியில் இருப்பதுபோலவே அதில் திறக்கும். திருத்திச் சேமித்தால் போதும், அங்கே ஆள் மாறிவிடுவார்.

ஞாயிறுதோறும் தலைக்குக் குளித்துவிட்டுக் கோதை கணவனைத் திருத்த உட்காருவாள். ‘எதிர்த்துப் பேசாதே.’ ‘பழையதைக் கிளறாதே.’ ‘அழுகை வந்தால் சிரி.’ சண்டைகள் நின்றுபோயின. அவர் தங்கமாக மாறிவிட்டார் என்று தங்கையிடம் பெருமைப்பட்டாள்.

இன்று அவன் ஒப்பந்தம் முடிகிறது. அவன் வீடு திரும்பவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ‘துணை கூப்பிட்டால் மறுக்காமல் போ’ என்று எழுதிச் சேமித்துவிட்டு அவனைக் காணொளியில் அழைத்தாள்.

அவன் முந்திக்கொண்டான். “இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். நீயும் இங்க வந்துடேன்.”

“சரிங்க, வர்றேன்.”

முடியாது என்றுதான் சொல்ல நினைத்திருந்தாள். கால்கள் தாமாக எழுந்து அலமாரிக்கு நடந்தன. கைகள் பெட்டியை இறக்கின. கழுத்தை மட்டும் திருப்பித் திரையைப் பார்த்தாள். சாளரத்தின் மூலையில், இதுநாள்வரை கவனிக்காத சிறிய எழுத்தில், கோப்பு இருக்கும் இடம்: கோதை, திருப்பூர்.

முதல் ஞாயிறே இணைப்பு ஒருமுறை அறுந்தது. ‘அண்மையில் திறந்தவை’ பட்டியலில் இருந்த ஒன்றைத் தட்டித் தொடர்ந்தாள்; பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதையே திறந்தாள். பழகுவதற்காக முந்தின நாள் தன் கோப்பைத் திறந்து பார்த்திருந்தது நினைவில்லை. எல்லோர் கோப்புக்கும் ஒரே பெயர்தான். இத்தனை நாள் திருத்தியது தன்னைத்தான்; நன்மாறன் கோப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

“உடனே ஒத்துக்கிட்டியே,” என்றான் அவன், அவள் முகத்தையே பார்த்தபடி. “நீ ‘மாட்டேன்’னு சொல்லி மூணு வருஷமாச்சு, கோதை. சில நாள் உன்னப் பாத்தாலே பயமா இருக்கு.”

அவளுக்கு அழுகை வந்தது. முகம் சிரித்தது.

“அன்னைக்குக் கேக்க வந்தத இப்பக் கேட்டுடறேன்.”

“கேளுங்க,” என்றாள், சிரிப்பு மாறாமல்.

“இங்க சத்தமே இல்ல. தினமும் ஒரு தடவையாவது எங்கூடச் சண்ட போடு.”