குதிரையைத் தூக்கிய வார்

இடுப்பு விட்டுப்போயிருந்தது தெக்லாவுக்கு. காலையிலிருந்து கோதுமைக் கட்டுகளைக் குனிந்து எடுத்து நிமிர்த்தி வைத்த வலி. வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே குறட்டை. அவள் கணவன் ஓனுப்ரி பகலில் தூங்குகிற ஆள் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றாம் வருஷக் கோடையில், கனடாவின் சஸ்காட்சுவான் புல்வெளி முழுக்கக் குதிரைகள் இப்படித்தான் தலை தொங்கித் தூங்கிச் செத்தன. தண்ணீர் தேங்கிய பள்ளங்களிலிருந்து கொசு புகையாக எழுந்தது. கொசுவை யாரும் சந்தேகிக்கவில்லை. படுத்த குதிரை பிழைக்காது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதனால் வயிற்றுக்கு அடியில் பட்டை வார் கொடுத்து, கொட்டில் உத்தரத்தில் கயிறு போட்டு, நின்ற வாக்கில் தூக்கிக் கட்டுவார்கள். தெக்லா வீட்டுச் சாம்பல் நிறக் குதிரை அப்படித்தான் பிழைத்தது.

ஓனுப்ரியின் உடம்பு அடுப்பாகச் சுட்டது. கூப்பிட்டாலும் கண் திறக்கவில்லை. அவள் ஓடிப்போய்ப் பக்கத்து நிலத்துக்காரன் புரோகிப்பை அழைத்து வந்தாள்.

"டாக்டர் வர நாளைக்கு ஆயிடும். அதுவரைக்கும் இவன் படுக்கக் கூடாதும்மா. அந்த வார் எங்க?"

"மனுஷன அதுல போடறதாண்ணே?"

"உன் குதிரை பிழைச்சுதா இல்லியா?"

கொட்டிலுக்கு இழுத்துப்போய், பாதம் தரையைத் தொடும்படி தூக்கிக் கட்டினார்கள்.

"என்னத்தப் போட்டு வளர்த்த இவன? குதிரைய விடக் கனக்கறான்."

"உருளைக்கிழங்குதான்." சிரிப்புகூட வந்தது அவளுக்கு.

சாணமும் குதிரை வியர்வையும் ஊறிய வாடையில், பலகை இடுக்கு வழியே சாய்ந்து விழுந்த வெயிலில், கொசுக்கள் ரீங்கரித்துக்கொண்டே இருக்க, அதற்கு நடுவே அந்தக் குறட்டை மெதுவாக, கனமாக, மனிதக் குரலே இல்லாமல் ஏறி இறங்கியது. பிறகு நின்றது.

புரோகிப் வாரை இறுக்கக் குனிந்திருந்தான்.

ஓனுப்ரியின் முதுகு வில்லாக வளைந்தது. கால் விசிறியது. இரும்பு அடித்த பூட்ஸ். புரோகிப்பின் தாடையில். அவன் தொங்கியவனின் காலடியிலேயே மல்லாந்தான். பற்கள் வைக்கோலில் சிதறின.

அடுத்த மிதி கண்ணில். அடுத்தது தொண்டையில்.

தெக்லா புரோகிப்பின் காலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மேலே ஓனுப்ரியின் மொத்தக் கனம்.

"அவுத்து விடு... கயிற..." கீழே கிடந்த புரோகிப் முனகினான்.

முடிச்சு கைக்கு எட்டியது. அவிழ்த்தால் ஓனுப்ரி விழுவான். விழுந்தால் படுப்பான். படுத்தால்?

முடிச்சில் கை வைத்தாள். எடுத்துக்கொண்டாள்.

புரோகிப் கேட்பதை நிறுத்தினான். ஓனுப்ரி நிறுத்தவில்லை. கண் மூடியிருந்தது. வாயோரம் நுரை. ஏரில் பூட்டிய குதிரைபோல நடந்தான். இருந்த இடத்திலேயே. முகமாக இருந்ததன் மேல்.

அறுப்புக்கு ஆள் மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். இவர்கள் கோதுமையைப் புரோகிப் வந்து அறுத்துக் கொடுத்துவிட்டான். அவன் வயலுக்கு இவர்கள் ஓர் ஆள் தர வேண்டியது இன்னும் பாக்கி.